ஒரே மடிக்கணினியில் இரண்டு குடித்தனம்

கேள்வி:

நான் செங்கல்பட்டில் கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு மாமல்லபுரத்தில். அப்பா சிற்பி. ஐந்து ரதம் போகும் வழியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு சிற்பக்கூடம் இருக்கிறது. போன வருடம் தவணையில் ஒரு லேப்டாப் வாங்கினோம். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. என் படிப்புக்கென்று வாங்கியதுதான். ஆனால் இப்போது அப்பாவின் டேலி கணக்கு, ஜிஎஸ்டி பில், கோரல்டிராவில் போட்ட சிலை வரைபடங்கள், பழைய கம்ப்யூட்டரில் இருந்து மாற்றிய பத்து வருட அளவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

கல்லூரி லேபில் உபுண்டு லினக்ஸ். வீட்டிலும் அதைப் போட்டுப் பழக ஆசையாக இருக்கிறது. கடையில் கேட்டால், “ஃபுல்லா ஃபார்மட் பண்ணிட்டு ரெண்டையும் போட்டுத் தர்றேன்” என்கிறார்கள். அப்பாவோ, “அதுல கை வைக்காதம்மா” என்கிறார். விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் போட முடியுமா? 256 ஜிபி இரண்டுக்கும் போதுமா? அக்காவுக்கு 2012இல் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப் ஒன்று பரணில் கிடக்கிறது. 2 ஜிபி ரேம்தான். ஆன் ஆகிறது, ஆனால் ஆமை வேகம். அதை எடைக்குப் போட்டுவிடலாமா?

— ஒரு வாசகி, மாமல்லபுரம்

பதில்:

எடைக்குப் போடாதீர்கள். போகிற போக்கில் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வழி அந்தப் பரணில்தான் இருக்கிறது.

நீங்கள் இப்போது செய்ய நினைப்பது உங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அக்காவின் கைக்கு வந்தபோதே அந்த இயந்திரத்தில் இரண்டு இயங்குதளங்கள் இருந்திருக்கும். 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி, எல்காட் நிறுவனம் மூலம் வாங்கி மாணவர்களுக்குக் கொடுத்தபோது, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருடன் பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தது. பாஸ் என்றால் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆன் செய்ததும் எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறீர்கள் என்று கேட்கும் ஒரு பட்டியல் வரும். அக்காவைக் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கலாம். வேறு எந்த ஊரிலும் இவ்வளவு பிள்ளைகள் ஒரே சமயத்தில் இரட்டை இயங்குதளத்தைக் கையில் வைத்திருந்திருப்பார்களா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அந்த வாய்ப்பு வீணான விதத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. அந்தப் பட்டியல் என்ன, எதற்கு இரண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. நான் பார்த்த பல வீடுகளில், “லேப்டாப்ல ஏதோ வேற வருது” என்று கடைக்கு எடுத்துப் போனார்கள். கடைக்காரர் லினக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டு அனுப்பினார். மறுநாள் ஆன் செய்தால் கருப்புத் திரையில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற ஒற்றை வரி. காரணம் எளிது. இரண்டு இயங்குதளங்களுக்கும் வாசலில் நின்று வழிகாட்டுவது க்ரப் என்ற சிறு நிரல். அது வாசலில் நின்றாலும் அதன் உடைமைகள் லினக்ஸ் பகுதியில்தான் இருந்தன. வீட்டை இடித்துவிட்டு வாசற்காவலரை மட்டும் விட்டுவைத்தால் அவர் யாரை எங்கே அனுப்புவார்? விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. போகத்தான் வழியில்லை. “லேப்டாப் போச்சு” என்று அதற்குப் பிறகு எத்தனை இயந்திரங்கள் பரண் ஏறின என்பதற்குக் கணக்கில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் போடலாம். ஃபார்மட் செய்ய வேண்டியதே இல்லை. முழுதாக ஃபார்மட் செய்வது கடைக்காரருக்கு வேலை சுலபம், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கு அது பெரிய இழப்பு.

ஒண்டுக்குடித்தனம் பார்த்திருப்பீர்கள். ஒரே கூரை, ஒரே நடை, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு அடுப்பு. உங்கள் எஸ்எஸ்டியும் அப்படித்தான். 256 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் விண்டோஸ் அதை 238 ஜிபி என்று காட்டும். குறையில்லை, கணக்கிடும் முறை வேறு. அதில் பெரும்பகுதி சி டிரைவ். அதற்கு முன்னால் 100, 200 எம்பி அளவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பகுதி உண்டு. இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்பார்கள். அதுதான் பொது நடை. விண்டோஸின் துவக்க நிரல் அங்கே ஒரு மாடத்தில் இருக்கும். உபுண்டு வந்தால் பக்கத்து மாடத்தில் தன்னுடையதை வைத்துக்கொள்ளும். பழைய இயந்திரங்களில் வாசல் ஒன்றே ஒன்று என்பதால் பின்னால் வந்தவர் முன்னவரைத் தள்ளிவிட்டு நின்றார். இப்போது அந்தச் சண்டை பெருமளவு தீர்ந்துவிட்டது. ஒன்று கெட்டாலும் மற்றதன் வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

இடம் போதுமா? போதும். உபுண்டு குறைந்தது 25 ஜிபி கேட்கும். நீங்கள் 60 ஜிபி கொடுங்கள், நிரல் எழுதிப் பழகத் தாராளம். ஆனால் அப்பாவின் படங்களும் வரைபடங்களும் போக சி டிரைவில் 100 ஜிபிக்குக் குறையாமல் காலி இருந்தால் மட்டுமே இதில் இறங்குங்கள். விண்டோஸ் மூச்சுத் திணறினால் அப்பாவின் வேலைதான் முதலில் நிற்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லேப் பயிற்சிக்கு சி நிரலும் பைத்தானும் ஷெல் கட்டளைகளும் மட்டும்தான் வேண்டுமென்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது. மைக்ரோசாப்டே தருவது. வட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. தேர்வுக்கு அது போதும். ஒரு இயங்குதளம் எப்படி எழுந்து வருகிறது, வட்டை எப்படிப் பங்கு போடுகிறது, வன்பொருளோடு எப்படிப் பேசுகிறது என்று உள்ளே புகுந்து பார்க்க விருப்பமென்றால் அது போதாது. “பழக ஆசை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் மேலே எழுதுகிறேன்.

பரணிலிருந்து அந்தப் பழையதை இறக்குங்கள். முதலில் அதில் செய்து பாருங்கள்.

அப்பாவிடம் கேட்டால் அவர் ஒரே நொடியில் ஒப்புக்கொள்வார். கருங்கல்லில் நேரடியாக உளி வைக்கும் சிற்பி உண்டா? கோடு போட்டு, அளவு பார்த்து, ஓரத்தில் தட்டிச் சத்தம் கேட்டுத்தானே தொடங்குகிறார்? ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடைந்த ரதங்கள் இருக்கும் ஊர் உங்களுடையது. கூடுதலாக வெட்டிய துண்டை அங்கே ஒட்டவைக்க முடியாது. வட்டைப் பிரிப்பதும் அந்த வகை வேலை. இழந்தாலும் பரவாயில்லை என்ற கல்லில் கை பழகட்டும்.

2 ஜிபி ரேமில் உபுண்டு நடக்காது. டெபியனை எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான முகப்போடு போடுங்கள். அல்லது லுபுண்டு முயன்று பாருங்கள். இருக்கும் விண்டோஸ் 7ஐ அழிக்காமல், அதன் பக்கத்திலேயே போட முயலுங்கள். பயிற்சியே அதற்குத்தானே. அது பழைய முறை வட்டு என்றால் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் பிரிக்க விடாது. அந்தச் சுவரில் ஒருமுறை முட்டிக்கொண்டால் பாடப்புத்தகத்தில் இருக்கும் எம்பிஆருக்கும் ஜிபிடிக்கும் உள்ள வேறுபாடு ஆயுளுக்கும் மறக்காது. இரண்டு முறை கெடுத்து மூன்றாம் முறை சரியாக வந்தபின் புதியதைத் தொடுங்கள். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அதில் இணைய வங்கி, கடவுச்சொல் எதுவும் வேண்டாம்.

புதியதைத் தொடும் நாளுக்கு வருவோம். உண்மையான அபாயம் லினக்ஸை நிறுவும்போது இல்லை, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் செய்யாமல் விட்டதில்தான் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் கேளம்பாக்கத்தில் ஒரு நண்பரின் கணினியில் நான் அவசரப்பட்டேன். அவர் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன என்பது எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளக்கூட இல்லை. அதனால்தான் இன்றும் யார் கேட்டாலும் முதலில் பேக்கப்பில் நிற்கிறேன்.

வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள், அல்லது கடன் வாங்குங்கள். டேலியில் பேக்கப் எடுப்பதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. கோப்புறையை வெறுமனே நகலெடுத்தால் போதும் என்று இருந்துவிடாமல் அந்த வழியாகவே எடுங்கள். வரைபடங்கள், அளவுகள், படங்கள் தனியே. எடுத்ததும் வேலை முடியவில்லை. அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஏதாவது நான்கு வரைபடங்களைத் திறந்து பாருங்கள். அப்பாவையும் உட்காரவைத்து, “இது சரியா?” என்று கேளுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே எண்ணுவதில்லை. அந்த டிஸ்க்கைக் கடற்காற்று படும் சன்னலோரம் வைக்காதீர்கள். உப்பு ஏறினால் இணைப்பு முனைகள் அரித்துப்போகும். மூடிய டப்பாவில் இருக்கட்டும்.

அடுத்தது, பலரும் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடம். விண்டோஸ் 11 வரும் பல லேப்டாப்களில், நீங்கள் கேட்காமலேயே வட்டு பூட்டப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று தேடுங்கள், சில கணினிகளில் அதே வேலையை ‘பிட்லாக்கர்’ என்ற பெயரில் காண்பீர்கள். அது ஆனில் இருந்தால், துவக்க முறையில் சிறு மாற்றம் செய்தாலும் திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். கைவசம் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உங்களுடையதே ஆனாலும் உங்களுக்கு இல்லை. லேப்டாப் வாங்கியபோது எந்த மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ, பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சாவி இருக்கும். கடைப் பையனே ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டு அமைத்துக் கொடுத்திருந்தால் அது யாருடையது என்று இன்றைக்கே விசாரியுங்கள். லினக்ஸ் போடுகிறீர்களோ இல்லையோ, இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். சாவியைக் காகிதத்தில் இரண்டு படி எழுதி, ஒன்றை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பிறகு அந்தப் பூட்டை அணைத்து, அது முழுதும் திறக்கும்வரை காத்திருங்கள். வேலை முடிந்தபின், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொன்று கண்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் இருக்கும். அதை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக உறங்குவதில்லை, பாதிக் கண் திறந்தே கிடக்கும். அந்த நிலையில் லினக்ஸ் போய் சி டிரைவில் எழுதினால் கோப்புகள் சிதையும்.

வட்டைச் சுருக்கும் வேலையை விண்டோஸிடமே கொடுங்கள். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து, சி டிரைவின் மேல் வலது சொடுக்கி, ‘ஷ்ரிங்க் வால்யூம்’. 60 ஜிபி என்றால் 61440 எம்பி. அவ்வளவு தராமல் குறைவாகக் காட்டினால், நகர்த்த முடியாத சில கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். ஹைபர்னேஷனை அணைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். சுருங்கிய இடம் கருப்புப் பட்டையாக, ‘அன்அலொகேட்டட்’ என்று நிற்கும். அதை அப்படியே விடுங்கள். புதிய டிரைவ் உருவாக்க வேண்டாம். உடனே ஒருமுறை விண்டோஸை மறுதொடக்கம் செய்து, டேலி திறக்கிறதா என்று பாருங்கள். இங்கே நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தாலும் ஒன்றும் கெடாது. சொல்லப்போனால் அதுவே நல்லது.

8 ஜிபி பென் டிரைவில் உபுண்டுவை ரூஃபஸ் என்ற நிரல் மூலம் எழுதி, அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாலை முழுதும் அதில் இருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் ஒழுங்காக நகர்கிறதா, சிற்பக்கூடத்துப் பிரிண்டர் பேசுகிறதா? தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து இரண்டு வரி தட்டுங்கள், அது உள்ளேயே இருக்கிறது. ‘செக்யூர் பூட்’டை அணைக்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எதற்கும் அது தேவையில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நிறுவும்போது வரும் திரைகளில் ஒன்றே ஒன்றுதான் திரும்பப் பெற முடியாதது. விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்று ஒரு வரி இருக்கும், ‘இன்ஸ்டால் அலாங்சைட்’ என்று தொடங்கும். அதற்கு அருகிலேயே வட்டை அழித்து நிறுவு, ‘இரேஸ் டிஸ்க்’. இரண்டும் ஒரு விரற்கடை தூரத்தில். அந்தத் திரையில் கையை எடுத்துவிட்டு, அப்பாவையோ அக்காவையோ கூப்பிட்டு, தேர்ந்தெடுத்த வரியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அதற்கடுத்த திரையில் எந்தப் பகுதி மாறப்போகிறது என்று பட்டியல் தரும். அதில் அந்தக் கருப்புப் பட்டையைத் தவிர வேறெதையாவது ஃபார்மட் செய்யப்போவதாகச் சொன்னால் பின்வாங்குங்கள். ‘பக்கத்தில் நிறுவு’ என்ற வரியே வரவில்லை, அல்லது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்றாலும் அதேதான். வட்டைக் கட்டுப்படுத்தும் இன்டெல் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கலாம். அதை அவசரமாக மாற்றினால் விண்டோஸ் எழாது. படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.

நாளையும் பார்த்து வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் உங்கள் ஊர் அருகேதான் கரை ஏறியது. மின்சாரம் எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பேட்டரி நூறு சதவீதம், சார்ஜரும் செருகியபடி. வட்டு சுருங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இயந்திரம் அணைந்தால் நடுவில் இருந்த கோப்புகளுக்கு உத்தரவாதமில்லை. அப்பாவுக்குக் கும்பாபிஷேக ஆர்டர் முடிக்க வேண்டிய வாரமும் வேண்டாம்.

போட்டு முடித்தபின் ஒரு சின்ன விஷயம் உங்கள் சிற்பக்கூடத்துக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். விண்டோஸ் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் நம்மூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸோ அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. இணையம் கிடைத்தால் சற்று நேரத்தில் திருத்திக்கொள்ளும். ஆனால் சிலைகளை லாரியில் ஏற்றும் விடியற்காலை நான்கு மணிக்கு இணையம் இல்லாமல் பில் போட்டால், இயந்திரம் முந்தைய நாள் இரவு பத்தரை என்றிருக்கும், பில்லிலும் நேற்றைய தேதி விழும். உபுண்டுவின் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையைக் கொண்டு உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லலாம். ஒரே வரி, ஒரே முறை. அதன் கையேட்டுப் பக்கத்தைப் படித்து நீங்களே அந்த வரியை எழுதுங்கள். அதுவே உங்கள் முதல் வீட்டுப்பாடமாக இருக்கட்டும்.

எப்போதாவது விண்டோஸ் புதுப்பித்தபின், எந்த இயங்குதளம் என்று கேட்கும் க்ரப் பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் திறக்கும். லினக்ஸ் போகவில்லை, வரிசைதான் மாறியிருக்கும். பயாஸ் அமைப்பில் போய் உபுண்டுவை மேலே நகர்த்தினால் போதும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு உலகம் முழுதும் பலருடைய லினக்ஸைத் துவங்கவிடாமல் செய்தது. அப்போதும் யாருடைய கோப்பும் அழியவில்லை, வாசல்தான் அடைபட்டது. உபுண்டு பென் டிரைவை அழிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்திருங்கள், அப்படிப்பட்ட நாளில் உதவும்.

அப்பாவின் கோப்புகளை லினக்ஸிலிருந்து திறந்து பார்க்கலாம். திருத்திச் சேமிப்பது விண்டோஸில் மட்டும். கணக்கும் வரைபடமும் அவருடைய அறையில், உங்கள் நிரல்கள் உங்கள் அறையில். பில் போடும் நேரத்தில் கணினி தானாக விண்டோஸுக்கே போகும்படி க்ரப் பட்டியலில் விண்டோஸை முதல் தேர்வாக அமைத்துக் கொடுங்கள். லினக்ஸ் வேண்டும்போது நீங்கள் அம்புக்குறியை அழுத்திக்கொள்ளலாம். அவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியக்கூடாது.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தூரம் போகத் தேவையில்லை. 2019 நவம்பர் வரை உங்கள் ஊரும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தானே இருந்தது? காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் தமிழிலேயே பேசுவார்கள், இணையவழியில் கூடுவார்கள், புதியவரின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். கணியம் இதழில் 2012 முதல் இந்த விஷயங்கள் எளிய தமிழில் குவிந்து கிடக்கின்றன. பழைய லேப்டாப்பில் முதல் முயற்சி எந்தத் திரையில் நின்றது என்று எழுதுங்கள். அந்தத் திரையில் இருந்த சொற்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.